அத்தியாயம் 4: அழுத்தாத கை – பழைய ரேசரிலும் சவரக்கத்தியிலும் முகச்சவரம்

இப்போது கடைகளில் கிடைக்கும் கார்ட்ரிட்ஜ் ரேசர்களில் பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து பிளேடு வரை இருக்கின்றன. பலவற்றில் தலை கன்னத்தோடு சேர்ந்து வளைந்து கொடுக்கும், மேலே வழவழப்பான பட்டையும் ஒட்டியிருக்கும். கொஞ்சம் அழுத்தினாலும் அது தாங்கிக்கொள்ளும். பல வருடம் அதில் பழகிய கை, அழுத்தினால்தான் முடி போகும் என்று நம்பிவிடுகிறது. ஒற்றை பிளேடு ரேசருக்கோ சவரக்கத்திக்கோ மாறுகிறவர்கள் முதலில் விட வேண்டியது இந்தப் பழக்கத்தைத்தான்.

பழைய முறைச் சவரத்தின் தலையாய விதி இது: கருவியின் எடைக்கு மேல் ஒரு பாரமும் தோலில் விழக்கூடாது. தாடி ஊறாமல் இருந்தாலும், நுரை காய்ந்தாலும், கத்தியின் வாய் மழுங்கியிருந்தாலும், கோணம் தவறினாலும் கை தன்னையறியாமல் அழுத்தத் தொடங்கும். ஆகவே அழுத்தத்தை ஓர் எச்சரிக்கை மணியாக எடுத்துக்கொள்ளுங்கள். கை அழுத்துகிறது என்று தெரிந்த உடனே நிறுத்தி, இந்த நான்கில் எது குறைகிறது என்று பாருங்கள். இந்த அத்தியாயத்தில் வரும் ஒவ்வொரு படியும் அழுத்தத்துக்கு வேலையில்லாமல் செய்வதற்குத்தான். அது கைவந்துவிட்டால், தினமும் அவசரமாக முடித்துவிட்டு ஓடும் ஒரு வேலை, நாளின் நல்ல பதினைந்து நிமிடமாக மாறிவிடும்.

கருவிகள் வந்த வழி

1740களில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பகுதியில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரக் கைவினைஞர், கடிகாரச் சுருள்வில்லுக்கு நல்ல எஃகு தேடி, மூசையில் உருக்கி வார்க்கும் முறையை உருவாக்கினார். உள்ளும் புறமும் ஒரே சீராக இருந்த அந்த எஃகு சவரக்கத்திக்கும் பொருத்தமாக அமைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேட் அண்ட் புட்சர், ஜோசப் ராட்ஜர்ஸ் போன்ற ஷெஃபீல்டு பெயர்கள் உலகெங்கும் போயின. அவற்றில் பல கத்திகள் தடிமனும் அகலமும் கொண்டவை. பிறகு ஜெர்மனியின் சோலிங்கன் நகரம் இருபுறமும் குழிவாகக் கடைந்த மெல்லிய கத்திகளுக்குப் பேர்போனது. அந்த ஊர்ப் பெயரை வேறு ஊர்ப் பொருள்களில் பொறிக்கக்கூடாது என்று 1938இல் ஜெர்மனி சட்டமே இயற்றியது. பிரான்சில் தியேர் நகரம் இன்றும் சவரக்கத்திகள் செய்கிறது.

தன் முகத்தைத் தானே மழித்துக்கொள்ளப் பிறருக்குக் கற்றுத்தரும் முயற்சியும் பழையதுதான். பாரிஸ் நகரக் கத்திக் கைவினைஞர் ழான்-ழாக் பெரே 1769இல் அதற்கென்றே ஒரு நூல் எழுதினார். வாய் ஆழமாக இறங்காதபடி கத்திக்கு ஒரு தடுப்பு மாட்டும் யோசனையும் அவருடையது.

அந்த யோசனையை எல்லோர் வீட்டுக்கும் கொண்டுபோனவர் அமெரிக்காவின் கிங் கேம்ப் ஜில்லெட். தேய்ந்தால் தூக்கிப்போடக்கூடிய மெல்லிய பிளேடு என்பது அவர் எண்ணம். அவ்வளவு மெல்லிய தகட்டைக் கோணாமல் பதப்படுத்தும் வழியைக் கண்டறிந்தவர் வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர். விற்பனை தொடங்கிய 1903இல் போனவை 51 ரேசர்களும் 168 பிளேடுகளும் மட்டுமே. காப்புரிமை 1904இல் கிடைத்தது. முதல் உலகப்போரில் அமெரிக்க அரசு தன் படைவீரர்களுக்காகச் சுமார் 35 லட்சம் ரேசர்களை வாங்கியது. போர்முனையில் பழகிய பழக்கம் வீரர்களோடு ஊர் திரும்பியது.

முதலில் ரேசர், பிறகு கத்தி

நேரே சவரக்கத்தியில் தொடங்க ஆசை வரும். ஆனாலும் முதல் ஒன்றிரண்டு மாதம் இரட்டைமுனை பிளேடு ரேசரில், நம் வீடுகளில் ‘ஷேவிங் செட்’ என்று சொல்லும் அதே கருவியில், பழகுங்கள். நுரை, முடியின் திசை, கோணம், கையின் இலேசு ஆகிய நான்கையும் குறைந்த ஆபத்தோடு கற்றுத்தர அதைவிட நல்ல ஆசிரியர் இல்லை.

தாத்தாவின் பெட்டியிலோ பழைய பொருள் கடையிலோ ஜில்லெட் ரேசர் கிடைத்தால் அதை ஒதுக்கிவிடாதீர்கள். பித்தளையில் செய்து நிக்கல் முலாம் பூசிய கருவி அது. எழுபது எண்பது வருடம் கடந்தும் வேலை செய்யும். இன்று பெட்டிக்கடையில் கிடைக்கும் இரட்டைமுனை பிளேடு அதில் அப்படியே பொருந்தும். தொடங்குகிறவருக்கு ஏற்ற மாடல்கள் இவை:

• டெக்: 1938 வாக்கில் வந்தது. மூன்று பாகமாகக் கழலும். வெட்டு மென்மையானது. முதல் ரேசராக இதைத்தான் முதலில் சொல்வேன்.

• சூப்பர் ஸ்பீடு: 1947இல் வந்தது. அடியிலுள்ள குமிழைத் திருகினால் தலை இரண்டு கதவாகத் திறக்கும். பிளேடு மாற்றுவது எளிது.

• ஃபேட்பாய்: 1958 முதல் 1961 வரை வந்த, வெட்டின் கடுமையைக் கூட்டிக் குறைக்கும் ரேசர். கழுத்திலுள்ள வளையத்தில் 1 முதல் 9 வரை எண்கள் இருக்கும். கிடைத்தால் 3இல் வைத்துத் தொடங்குங்கள்.

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வந்த பல அமெரிக்க ஜில்லெட்களின் அடியில் ஓர் ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருக்கும். எழுத்து வருடத்தையும் எண் அந்த வருடத்தின் காலாண்டையும் குறிக்கும். ‘ஏ’ என்றால் 1955, ‘டி’ என்றால் 1958. ஆகவே ‘டி 4’ என்று இருந்தால் அந்த ரேசர் 1958இன் கடைசி மூன்று மாதத்தில் பிறந்தது. கையில் இருக்கும் பொருளின் பிறந்த காலம் தெரிவது தனி மகிழ்ச்சி.

வாங்குவதற்கு முன் ஒரு பிளேடை மாட்டிப் பாருங்கள். இருபுறமும் பிளேடு ஒரே அளவு வெளியே தெரிய வேண்டும். ஒரு பக்கம் அதிகம் தெரிந்தால் தலை கோணியிருக்கிறது. கதவு முழுதாக மூடுகிறதா, கைப்பிடிக் குழாயில் விரிசல் இருக்கிறதா, அடித்தகட்டின் பற்கள் வளைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். முலாம் மங்கியிருப்பது குறையல்ல.

சுத்தம் செய்ய வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான பல்துலக்கி ஆகிய மூன்றும் போதும். கொதிநீரும் பிளீச்சும் வேண்டாம், முலாமும் அரக்குப் பூச்சும் கெடும். கடைசியில் 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்துத் துடைத்து உலரவிடுங்கள். பழைய பிளேடு உள்ளேயே இருந்தால் அதை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

சவரக்கத்தி வாங்கும்போது

கத்தியின் தடித்த பக்கம் முதுகு, வெட்டும் பக்கம் வாய். முதுகிலிருந்து வாய்வரை உள்ள அகலத்தை அங்குலத்தில் எட்டில் ஒரு பங்காகக் கணக்கிடுவார்கள். 5/8, 6/8 அளவுகள் தொடக்கத்துக்கு நல்லவை. மூக்கின் கீழ் எளிதாகப் போகும், கைக்கும் அடங்கும். நுனி வட்டமாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். சதுர நுனி, பழகாத கையில் காதோரம் கீறிவிடும். குழிவாகக் கடைந்த மெல்லிய கத்தி முடியை வெட்டும்போது சலசலவென்று ஓசை எழுப்பும். அந்த ஓசையே வேலை எப்படிப் போகிறது என்று சொல்லும் என்பதால் கற்பவருக்கு அது துணை.

பழைய கத்தியில் பார்க்க வேண்டியவை:

• வாயில் வெடிப்பு இருந்தால் விலையே கேட்காமல் விட்டுவிடுங்கள். அதைச் சரிசெய்ய முடியாது. நகத்தில் மெல்லத் தட்டி, வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

• உடலில் உள்ள கறையும் மேல் துருவும் பரவாயில்லை. வாயை ஒட்டிய குழித்துரு கூடாது. தீட்டத் தீட்டப் புதுக்குழிகள் வெளியே வந்துகொண்டே இருக்கும்.

• வாயின் கோடு நேராகவோ இலேசாகப் புன்னகைப்பது போலவோ இருக்கலாம். நடுவில் உள்ளே குழிந்திருந்தால், தவறாகத் தீட்டப்பட்ட கத்தி.

• முதுகின் இருபுறமும் தட்டையான தேய்மானம் அகலமாக இருந்தால் அளவுக்கு மீறித் தீட்டியிருக்கிறார்கள்.

• பிடி செல்லுலாய்டாக இருந்தால் முகர்ந்து பாருங்கள். சிதையத் தொடங்கிய செல்லுலாய்டு காரமான ஆவியை விடும். அது தன் கத்தியை மட்டுமல்ல, பக்கத்தில் இருக்கும் கத்திகளையும் துருப்பிடிக்கச் செய்யும். எளிதில் தீப்பற்றும் பொருளும்கூட.

• யானைத்தந்தப் பிடி போட்ட கத்தியை இந்தியாவில் வாங்கவும் விற்கவும் சட்டம் தடைசெய்கிறது. எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

நம் சலூன்களில் இப்போது பார்ப்பது வேறு வகை. பிளேடைக் காகித உறையோடு நடுவில் உடைத்து, பாதியைப் பிடியில் செருகி, வேலை முடிந்ததும் எறிந்துவிடுவார்கள். ஒருவர் இரத்தம் இன்னொருவரைத் தொடாமல் காக்கும் நல்ல ஏற்பாடு அது. வீட்டிலும் பயன்படுத்தலாம். ஆனால் எடை குறைவு, வாய் மிகக் கூர்மை, சிறு தவறையும் மன்னிக்காது. சவரக்கத்தியைவிட எளிது என்று எண்ணி அதில் தொடங்காதீர்கள்.

தண்ணீரும் நுரையும்

சவரத்தின் பாதி வேலை கத்தியைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். குளித்து முடித்த கையோடு தொடங்குங்கள். இல்லாவிட்டால் வெந்நீரில் நனைத்த துண்டை முகத்தில் இரண்டு மூன்று நிமிடம் வைத்திருங்கள். தண்ணீர் குடித்து உப்பிய முடி மென்மையாகும். காய்ந்த முடியை வெட்டத் தேவைப்படும் விசை அதற்கு வேண்டாம்.

நம் ஊர்களில் பல வீடுகளுக்கு ஆழ்குழாய்த் தண்ணீர்தான். உப்புத் தண்ணீர் என்று நாம் சொல்லும் அதில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம். அவை சோப்போடு சேர்ந்து கரையாத திப்பியாகிவிடுவதால் நுரை நிற்காது. நல்ல சோப்பை வாங்கியும் நுரை வரவில்லை என்று வருந்துகிறவர்கள் முதலில் தண்ணீரை மாற்றிப் பார்க்கட்டும். ஒரு டம்ளர் குடிநீரைச் சூடாக்கி, நுரைக்கு மட்டும் பயன்படுத்தினால் போதும். வித்தியாசம் அன்றைக்கே தெரியும்.

பன்றிமுடி பிரஷ் விலை குறைவு, விறைப்பானது. ஐந்து நிமிடம் ஊறவைக்க வேண்டும். பேட்ஜர் முடி அதைவிட மென்மை, தண்ணீரை நிறைய ஏந்தும். செயற்கை இழை பிரஷ் ஊற வேண்டியதில்லை, சீக்கிரம் உலரும். கடலோர ஊர்களின் ஈரக்காற்றுக்கு அதுவே வசதி.

பிரஷை உதறிவிட்டு சோப்பின் மேல் அரை நிமிடம் சுழற்றுங்கள். முதலில் பெரிய குமிழிகள் எழும். அது வெறும் காற்று, அதை முகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். தொடர்ந்து சுழற்றினால் குமிழிகள் சிறுத்து, பிரஷின் நுனியில் கெட்டியான பசை ஏறும். அதை ஈரக் கன்னத்தில் வைத்து வட்டமாகத் தேயுங்கள். பிரஷின் நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டு எடுத்து மறுபடி தேயுங்கள். மங்கலாக இருந்த பசை மெல்ல வெளுத்து, பிறகு பளபளக்கும். இன்னும் சில துளி, இன்னும் கொஞ்சம் தேய்ப்பு. கடைந்த தயிரின் பதம் வந்ததும் நிறுத்துங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு பொட்டு எடுத்து உரசிப் பாருங்கள். விரல்கள் ஒன்றையொன்று பிடித்தால் தண்ணீர் போதவில்லை. ஒழுகினால் அதிகம். தடையில்லாமல் வழுக்கினால் சரி. புதிதாகத் தொடங்குகிறவர்களில் பெரும்பாலோர் தண்ணீரைக் குறைவாகத்தான் விடுகிறார்கள். சந்தேகம் வந்தால் ஒரு துளி கூட்டுங்கள்.

கெட்டியாக, மலைபோல் நிற்கும் நுரை பார்க்க அழகு. வேலை செய்வதோ தோலை ஒட்டிய மெல்லிய வழுக்கும் படலம்தான்.

முடியின் திசையும் கோணமும்

இரண்டு நாள் வளர்ந்த தாடியில் விரலை நான்கு திசையிலும் ஓட்டிப் பாருங்கள். வழவழவென்று போகும் பக்கம் முடியின் திசை, முள்ளாகக் குத்தும் பக்கம் எதிர்த்திசை. கன்னத்தில் பெரும்பாலும் மேலிருந்து கீழ். கழுத்தில் பக்கவாட்டிலும் கீழிருந்து மேலும் கலந்து வளரலாம், சிலருக்குச் சுழியும் இருக்கும். ஒரு தாளில் முகம் வரைந்து அம்புக்குறி போட்டுக் கண்ணாடி ஓரம் ஒட்டிவையுங்கள்.

முதல் சுற்று முடியின் திசையில். மறுபடி நுரை பூசி, இரண்டாம் சுற்று குறுக்கே. முதல் மாதம் இதோடு நிறுத்துங்கள். ஒரே இழுப்பில் மழமழப்பு வேண்டும் என்ற ஆசைதான் கையை அழுத்தச் சொல்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் தாடி கொஞ்சம் குறைந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டால் கை தானாக இலேசாகும். சுருள்முடி உள்ளவர்களும், மழித்த இடத்தில் முடி தோலுக்குள் வளர்ந்து கட்டி வருகிறவர்களும் எதிர்த்திசைச் சுற்றை எப்போதுமே தவிர்க்க வேண்டும்.

இரட்டைமுனை ரேசரில் கோணத்தைக் காதால் கண்டுபிடிக்கலாம். கைப்பிடியைக் கன்னத்துக்குச் செங்குத்தாக நீட்டி, தலையின் மேல்மூடி மட்டும் தோலில் படும்படி வையுங்கள். கைப்பிடியை மெல்லக் கீழே இறக்கிக்கொண்டே சிறு இழுப்பு இழுங்கள். ஓரிடத்தில் கரகர ஒலி தொடங்கும். பிளேடு முடியைத் தொட்டுவிட்டது, அங்கேயே நில்லுங்கள். தோலுக்கும் பிளேடுக்கும் நடுவே சுமார் 30 டிகிரி இருக்கும். கைப்பிடியின் கடைக்கோடியை விரல் நுனிகளால் பிடித்தால் அழுத்த நினைத்தாலும் அழுத்த முடியாது.

கோணத்தைப் பிளேடும் அறியும். எம்ஐடி ஆய்வாளர்கள் 2020இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. பிளேடின் எஃகோடு ஒப்பிட்டால் முடி சுமார் 50 மடங்கு மென்மை. இருந்தும் முடி பிளேடை மழுங்கவைக்கிறது. எப்படி என்று எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, வாய் மெல்ல மெல்லத் தேயவில்லை, சின்னச் சின்னச் சில்லாகப் பெயர்ந்திருந்தது. முடி வளைந்து சாய்வாக வாயில் மோதுவதும், அந்த இடத்தில் எஃகின் உள்ளமைப்பு சீரற்று இருப்பதும் சேரும்போது சில்லு பெயர்கிறது. தோலை இழுத்துப் பிடித்து, நன்றாக ஊறிய முடியைச் சீரான கோணத்தில் வெட்டுங்கள் என்று பழைய கைகள் சொல்லிவந்ததை இந்த ஆய்வோடு சேர்த்துப் படிக்கலாம்.

தோல்வாரில் தீட்டுதல்

சவரக்கத்தியை ஒவ்வொரு சவரத்துக்கு முன்பும் தோல்வாரில் தீட்ட வேண்டும். சாணைக்கல் எஃகை அரைத்து வாயை உருவாக்குகிறது. வார் அந்த வாயை ஒழுங்குபடுத்தி மெருகேற்றுகிறது. இரண்டும் வேறு வேலை.

வாரின் ஒரு முனையைக் கொக்கியில் மாட்டி, மறுமுனையை இடக்கையால் இழுத்துத் தொய்வில்லாமல் பிடியுங்கள். தொய்ந்த வாரில் வாய் உருண்டுவிடும். கத்தியைத் தட்டையாக, முதுகும் வாயும் ஒருசேரத் தோலைத் தொடும்படி வையுங்கள். முதுகு முன்னே போக, வாய் பின்னே வர வேண்டும். கோடியை அடைந்ததும் கத்தியை நிறுத்தி, முதுகை வாரிலிருந்து எடுக்காமல் அதன் மேலேயே புரட்டி, திரும்பி வாருங்கள். நிற்பதற்கு முன் புரட்டினால் வாரும் வெட்டுப்படும், வாயும் போகும். முதலில் துணிப்பட்டையில் இருபது முறை, பிறகு தோலில் நாற்பது ஐம்பது முறை போய்வருவது வழக்கம். வேகம் வேண்டாம். முதல் வாரம் வெண்ணெய் தடவும் மொட்டைக் கத்தியை வைத்துப் புரட்டும் பழக்கத்தை மட்டும் செய்யுங்கள்.

கத்தி கன்னத்தைத் தொடும்போது

கத்திக்கும் பிடிக்கும் நடுவிலுள்ள கழுத்தின் மேல் நடு மூன்று விரல்கள், கழுத்தைத் தாண்டி நீளும் வால்மேல் சுண்டுவிரல், கழுத்தின் அடியில் கட்டைவிரல். பிடி மேல்நோக்கித் திறந்து நிற்கட்டும். மற்றக் கையால் தோலை இழுங்கள். விரல் வழுக்கினால் ஈரப் படிகாரத்தில் தேய்த்துக்கொண்டால் பிடிப்பு வரும்.

வலக் கன்னத்தில், காதுமடலுக்குக் கீழே தொடங்குங்கள். இடக்கையைத் தலைக்கு மேல் கொண்டுவந்து, கிருதாப் பக்கத் தோலை மேல்நோக்கி இழுத்து இறுக்குங்கள். கத்தியை முதலில் கன்னத்தில் படுக்கவையுங்கள். முதுகை மட்டும் தூக்குங்கள். முதுகுக்கும் தோலுக்கும் நடுவே முதுகின் தடிமனைப் போல் ஒன்றரை மடங்கு இடைவெளி வரட்டும். மூச்சை விட்டு, இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே இழுங்கள். சிறு சலசலப்போடு நுரை விலகி, வெற்றுத்தோல் தெரியும். முடி பிடித்து இழுபடுவது போல் இருந்தால் இழுப்பை அங்கேயே நிறுத்துங்கள். இரண்டாவது இழுப்பு, முதல் இழுப்பின் கடைசியை இலேசாகத் தொட்டுத் தொடங்கட்டும்.

கத்தி எப்போதும் தன் வாய்க்குச் செங்குத்தாகத்தான் நகர வேண்டும். பக்கவாட்டில் ஒரு மில்லிமீட்டர் சறுக்கினாலும் அது அறுப்பு. இந்த ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது.

முதல் இரண்டு வாரம் கன்னங்கள் மட்டும் கத்தியில், மற்றதெல்லாம் ரேசரில். மூன்றாம் வாரம் தாடைக்குக் கீழ்ப்பகுதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தலையை நிமிர்த்தி, தோலைத் தாடை எலும்பின் மேல் இழுத்து, சமமான இடமாக்கி மழியுங்கள். மேலுதட்டுக்கு மூக்கு நுனியைத் தூக்கி, உதட்டைக் கீழே இழுத்து, அரை சென்டிமீட்டர் இழுப்புகள். மோவாய் கடைசியில். அங்கே முடி முரடு, வளைவும் அதிகம். இடக் கன்னத்துக்கு இடக்கையைப் பழக்குவது நல்லது. முதலில் கூச்சமாக இருந்தாலும், கெட்ட பழக்கம் ஏறாத கை என்பதால் அது இலேசாகவே கற்றுக்கொள்ளும்.

மச்சம், பரு, ஆறாத காயம் உள்ள இடங்களைச் சுற்றிப் போங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்களும், காயம் தழும்பாகத் தடிக்கும் உடல்வாகு உள்ளவர்களும், நீரிழிவில் புண் தாமதமாக ஆறுகிறவர்களும் மருத்துவரைக் கேட்ட பிறகே கத்தியைத் தொடுங்கள். உங்கள் கத்தியையும் பிளேடையும் யாருக்கும் கொடுக்காதீர்கள். ஹெபடைடிஸ் பி, சி கிருமிகளுக்குக் கண்ணுக்குத் தெரியாத இரத்தத் துளியே போதும்.

சவரம் முடிந்த பின்

முகத்தைக் குளிர்ந்த நீரில் கழுவி, ஈரத்தோடு படிகாரக் கல்லைத் தேயுங்கள். சலூனில் நாம் சிறு வயதிலிருந்து பார்த்த அதே கல்தான். சின்னக் கசிவை நிறுத்தும். அதோடு, அழுத்திய இடம் எங்கெங்கே என்று எரிச்சலால் சொல்லிவிடும். எங்கே எரிகிறதோ அங்கே நாளை கை இன்னும் இலேசாக வேண்டும். ஒரு நிமிடம் கழித்துக் கழுவிவிடுங்கள்.

கார்பன் எஃகுக் கத்தியை நம் ஈரக்காற்றில் நனைந்தபடி விட்டால் மறுநாளே துருப்புள்ளி வரும். கழுவி, மெல்லிய துணியால் முதுகிலிருந்து வாய்நோக்கித் துடைத்து, வாரில் சில முறை ஓட்டி, திறந்தபடி உலரவிட்டு மடக்குங்கள். சில நாள் தொடப்போவதில்லை என்றால் தையல் மிஷின் எண்ணெய் ஒரு துளி தடவுங்கள். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துச் சிக்கும். குளியலறையில் கத்தியை வைக்காதீர்கள்.

தேய்ந்த பிளேடை வெறுமனே குப்பையில் போடுவது, அதைக் கையால் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் விரலில் போடுவதற்குச் சமம். மூடியுள்ள தகர டப்பாவில் ஒரு கீறல் துளை போட்டு அதற்குள் தள்ளுங்கள். நிரம்பப் பல வருடம் ஆகும். பிறகு துளையை அடைத்து, கூர்மையான பொருள் என்று எழுதி ஒப்படையுங்கள். இதைச் செய்ய மனமில்லாதவர்கள் பிளேடு வாங்க வேண்டாம்.

சாணை பற்றி இப்போதைக்கு

பழைய கத்தி வாங்கியதும் தெருவில் சாணை பிடிக்கிறவரிடம் கொடுத்துவிடாதீர்கள். அவர் சக்கரம் அரிவாளுக்கும் அரிவாள்மனைக்கும் உரியது. அதன் சூட்டில் மெல்லிய வாய் பதம் இழக்கும், பதம் போன இடம் கூர் நிற்காது. சவரக்கத்தியைத் தண்ணீர் விட்ட சமமான கல்லில், முதுகும் வாயும் ஒருசேரப் படியவைத்து, வாய் முன்னே போகத் தீட்ட வேண்டும். 1000 எண் கல்லில் வாயை உருவாக்கி, 4000, 8000, 12000 என்று மென்மை கூட்டிச் செல்வார்கள். பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில் வெட்டியெடுக்கும் கோட்டிக்யூல் என்ற மஞ்சள் கல்லும் இதற்குப் பேர்போனது. அதனுள் இருக்கும் நுண்ணிய கார்னெட் மணிகள்தான் எஃகை அரைக்கின்றன. முதல் கத்தியை மட்டும் சவரத்துக்கென்றே தீட்டத் தெரிந்தவரிடம் தீட்டி வாங்குங்கள். நல்ல வாய் எப்படி இருக்கும் என்று முகம் அறிந்தால்தான், பிறகு நீங்கள் தீட்டும்போது எதை நோக்கிப் போகிறோம் என்று தெரியும்.

கோளாறும் காரணமும்

முடி பிடித்து இழுக்கிறது: வாரில் இன்னும் முப்பது முறை தீட்டுங்கள். பிறகும் இழுத்தால் சாணைக்கல்லுக்குப் போக வேண்டும். ரேசரானால் பிளேடை மாற்றுங்கள். பொதுவாக நான்கைந்து சவரத்துக்கு மேல் ஒரு பிளேடை நீட்டிக்க வேண்டாம்.

கழுத்து மட்டும் சிவக்கிறது: அம்புக்குறிப் படத்தை மறுபடி பாருங்கள். பெரும்பாலும் எதிர்த்திசையில் மழித்திருப்பீர்கள்.

பாதியில் நுரை காய்கிறது: தண்ணீர் போதவில்லை. மின்விசிறிக்குக் கீழே நிற்கிறீர்களா என்றும் பாருங்கள்.

சிறு சிறு இரத்தப் புள்ளிகள்: கோணம் அகன்றுவிட்டது. முதுகை இன்னும் தாழ்த்துங்கள்.

நீளமான கீறல்: கத்தி பக்கவாட்டில் நகர்ந்தது, அல்லது தோல் தொய்ந்திருந்தது.

கரணை கரணையாக முடி நிற்கிறது: விட்டுவிடுங்கள். நுரையில்லாத இடத்தில் மறுபடி மறுபடி இழுப்பதால் வரும் எரிச்சல், அந்த முடியைவிட அதிக நாள் நிற்கும்.

முதல் இலக்கு

மழமழப்பை இப்போதைக்கு இலக்காக வைக்காதீர்கள். படிகாரம் பட்டும் எரியாத கன்னம், அதுதான் இந்த அத்தியாயத்தின் தேர்வு. தொடர்ந்து ஒரு வாரம் எங்கும் எரியவில்லை என்றால் உங்கள் கை அழுத்துவதை நிறுத்திவிட்டது. அதன் பிறகே எதிர்த்திசையில் போகும் மூன்றாவது சுற்றையும், முழுமுகத்தையும் கத்தியில் மழிப்பதையும் தொடங்குங்கள். அந்த நிலைக்கு வந்தவர்கள் அடுத்த அத்தியாயத்தில் சொல்லப்போகும் சாணைக்கல் வேலைக்கும் தகுதி பெற்றுவிட்டார்கள். கல்லிலும் இதே இலேசான கைதான் வேண்டும்.